விழியிலார் கற்ற தமிழ்

முகவுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டி அமைந்த சிற்றூர் புளியறை. இவ்வூரை உள்ளடக்கிய செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது; 1956 நவம்பர் முதல் நாளில் மொழிவழி மாநிலப் பிரிவினையால் தமிழகத்தோடு இணைந்தது. 2019ஆம் ஆண்டிலிருந்து தென்காசி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. புளியறை என்றவுடன் பலர்க்கும் நினைவில் எழுவது ஆங்குள்ள தட்சிணாமூர்த்தி சந்நிதியாகும். வாய் திறவாது, கையடையாளம் ஒன்றினாலேயே மாணாக்கர்க்கு மெய்ப்பொருளை உணர்த்திய ஆசிரியனாகச் சைவ மரபு இக்கடவுளைப் போற்றுகின்றது. கல்வி ஒரே பொறியின் வழியாகத்தான் நிகழ வேண்டும் என்னும் நியதி இல்லை என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு இவ்வழிபாடும் ஒரு சான்றாகும்.

இவ்வூரில் பிறந்த, கண்பார்வையற்ற மாணவி ஒருவர் தமிழிலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற விழைவதாகக் கொள்வோம். பள்ளிக் கல்விக்கு அவர் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடந்து பாளையங்கோட்டைக்குச் செல்லுதல் கூடும். பின்னர், 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திற்கோ வேறொரு கல்லூரிக்கோ செல்லுதல் கூடும். அவர் ஏறும் பேருந்தும், தங்கும் விடுதியும், நடக்கும் படிக்கட்டும் அவர்க்கு ஏற்றனவாக அமைய வேண்டும் என்பதில் ஐயமில்லை. அவை பொறியாளரும் ஆட்சியாளரும் கவனிக்க வேண்டியவை. ஆயின், வகுப்பறைக்குள் நுழைந்த பின் அவர் கையில் நாம் கொடுக்கும் தொல்காப்பியப் பதிப்பும், புறநானூற்று உரையும், ஆய்வேடும், வினாத்தாளும் அவரால் படிக்கக்கூடிய வடிவில் உள்ளனவா? இவ்வினா நம்மை நோக்கியது. நூலின் வடிவு பற்றியது ஆதலின், இது தமிழாய்வின் எல்லைக்குள் அடங்குவதேயாம். பார்வையற்ற மாணாக்கர்க்குத் தமிழ் கற்பித்த வரலாற்றை நிரல்பட நோக்கி, அவ்வரலாறு நமக்கு உணர்த்தும் கடமை யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபில் உடற்குறையும் புலமையும்

சங்க நூல்களில் உடற்குறை பற்றிய குறிப்புகள் இருவகையாகக் காணப்படுகின்றன. சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 28ஆம் பாட்டு, பிறப்பிற் குறையுடையோரை எட்டு வகையாக எண்ணி, அப்பிறவிகளால் பயனில்லை என்னும் பண்டையோர் கருத்தை எடுத்துரைக்கின்றது. அவ்வெட்டனுள் முதற்கண் வைத்து எண்ணப்படுவது பார்வையின்மையே. இதனை மறைத்துப் பழமையைப் புகழ்தல் ஆய்வுநெறி ஆகாது.

அதே புறநானூற்றில் மற்றொரு நிலையும் உண்டு. உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், ஐயூர் முடவனார் ஆகியோர் பெயரிலுள்ள அடைமொழி உடற்குறை பற்றி வந்தது எனக் கொள்வர். முடத்தாமக்கண்ணியார் என்னும் பெயர்க்கு வேறு பொருள் காண்பாரும் உளர். ஆதலின், 'முட' என வருமிடமெல்லாம் உடற்குறையையே சுட்டும் எனத் துணிதல் பொருந்தாது. எனினும், குறையைப் பெயரிலேயே தாங்கிய புலவர் அரசவையில் வரிசை பெற்றனர் என்பது பெறப்படும். முடமோசியார் பாடிய வள்ளல் ஆய் அண்டிரன், பொதியில் மலைக்குத் தலைவன். வடக்கே இமயம் நிற்க, அதற்கு ஈடாகத் தெற்கே ஆய்குடி இல்லையாயின் இவ்வுலகம் நிலைபெயரும் என்னும் கருத்தமைய அவர் பாடினார் (புறம். 132). அவ்வாய்குடியைத் தென்காசியை அடுத்த இன்றைய ஆய்க்குடியாகக் கருதுவாரும் உளர். முடிந்த முடிபாக அதனைக் கூறுதல் இயலாதாயினும், அவ்வூர்ப் பெயரை நினைவில் இருத்துதல் வேண்டும்; பின்னர் மீண்டும் அதனை எடுத்துக்கொள்வோம்.

பிற்காலத்தில் இந்நிலை மேலும் தெளிவாகின்றது. இரட்டைப்புலவர் எனப்பட்ட இளஞ்சூரியர், முதுசூரியர் ஆகிய இருவருள் ஒருவர் கால் முடம்பட்டவர், மற்றவர் பார்வையற்றவர். பார்வையற்றவர் தோளில் முடவர் அமர்ந்து வழிகாட்ட, ஒருவர் தொடங்கிய வெண்பாவை மற்றவர் முடிப்பர் என்பது வழக்கு. ஏகாம்பரநாதர் உலா, தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம் ஆகியன அவர் இயற்றியன. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தகக்கவி வீரராகவ முதலியார் கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா, சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலிய நூல்களை இயற்றினார். பழனி மாம்பழக்கவிச்சிங்க நாவலர் (1836–1884) பிள்ளைப் பருவத்திலேயே அம்மை நோயால் பார்வையை இழந்தும் சிறந்த புலவராய் விளங்கினார்.

இப்புலவர்களை 'அருட்பேறு பெற்ற விதிவிலக்குகள்' எனக் கூறி நிறுத்திக்கொள்வது நம்மவர் வழக்கம். அங்ஙனம் கூறுதல் அவர்தம் உழைப்பையும் அவர்க்குக் கற்பித்தார் முயற்சியையும் ஒருங்கே மறைப்பதாகும். அவர்கள் எவ்வாறு கற்றனர் என்பதே நாம் கேட்க வேண்டிய வினா.

கேள்வி வழிக் கல்வி

அவர்கள் கற்ற காலத்தில், கண்ணுடைய மாணாக்கரும் பெரிதும் செவியாலேயே கற்றனர் என்பதை மறத்தலாகாது. ஏட்டுச்சுவடி அரிது, ஆசிரியர் பாடம் சொல்ல, மாணாக்கர் கேட்டு நெஞ்சில் இருத்துவர். நன்னூற் பொதுப்பாயிரம் பாடங்கேட்கும் முறையை விரித்துரைக்கும்போது செவிக்கும் நெஞ்சிற்குமே முதன்மை தருகின்றது. திருவள்ளுவர் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்தார். இறையனார் அகப்பொருள் உரை நக்கீரர் முதல் முசிறி நீலகண்டனார் ஈறாகப் பத்து ஆசிரியர் வழியாக வாய்மொழியால் வந்தது என அவ்வுரையே கூறுகின்றது. இங்ஙனம் செவியே கல்வியின் பெருவாயிலாக இருந்த காலத்தில், பார்வையற்ற மாணாக்கர் தம் உடன்மாணாக்கரினின்றும் பெரிதும் வேறுபடவில்லை. அவர்க்கெனத் தனி ஏற்பாடு மிகுதியாக வேண்டியதுமில்லை.

ஆயினும், எழுத்தறிவு இன்றியமையாதது என அக்காலத்தும் கருதினர். அந்தகக்கவி வீரராகவர்க்கு அவர்தம் முதுகில் எழுத்துக்களை எழுதிக் காட்டி வரிவடிவை அறிவித்தனர் என்றொரு செய்தி வழங்கி வருகின்றது. இச்செய்தி செவிவழி வந்ததேயாயினும், இதனுள் அடங்கிய கருத்துப் பெரிது. காண இயலாத எழுத்தை ஊற்றுணர்வால் அறிவித்தல் கூடும் எனத் தமிழ்நாட்டார் ஒருவர் எண்ணினார் என்பதை அது காட்டுகின்றது. மாணாக்கரைக் குறை கூறாது, எழுத்தை மற்றொரு பொறிக்கு மாற்றித் தந்தார் அவ்வாசிரியர். இக்காலத்தார் 'துணைத் தொழில்நுட்பம்' என வழங்குவதன் சாரம் இதுவேயாகும்.

இவ்விடத்துக் குற்றாலத்தையும் நினைத்தல் தகும். 1954இல் மறைந்த இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் குற்றாலத்தில் வாழ்ந்த காலத்தில், கவிதையை வாய்விட்டுப் பாடிச் செவியால் துய்த்தலையே வற்புறுத்தினார். பாட்டின் உருவம் தாளில் இல்லை, ஒலியில் உள்ளது என்பது அவர் கொள்கையின் அடிப்படை. அச்சுநூல் பெருகிய காலத்தில் பிறந்த ஒருவர் இதனை வற்புறுத்த நேர்ந்தது என்பதே, கல்வி செவியினின்றும் கண்ணுக்குப் பெயர்ந்துவிட்டது என்பதற்குத் தக்க சான்றாகும்.

அச்சும் பிரெய்லி எழுத்தும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சு பரவியது. சங்க நூல்கள் பதிப்பிக்கப்பெற்றன, 1894இல் உ. வே. சாமிநாதையரின் புறநானூற்றுப் பதிப்பு வெளிவந்தது. பல்கலைக்கழகத் தேர்வுகள் எழுத்துத் தேர்வுகளாக அமைந்தன. கண்ணுடையார்க்கு இவை பெரும் வாயில்களைத் திறந்தன. பார்வையற்றார்க்கோ, முன்னர்த் திறந்திருந்த வாயிலும் அடைபட்டது. கேட்டுக் கற்றவன் சொல்லிக் காட்டினால் போதும் என்ற நிலை மாறி, படித்துக் கற்றவன் எழுதிக் காட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. எனவே, பார்வையற்ற மாணாக்கர் எதிர்ப்பட்ட தடை அவர்தம் கண்ணில் மட்டும் இல்லை. கல்வி ஏற்றுக்கொண்ட புதிய கருவியில் பெரும்பகுதி இருந்தது.

இத்தடையை நீக்கும் முயற்சி தமிழ்நாட்டில் தொடங்கியது நெல்லைச் சீமையிலேயாம். இந்தியாவில் பார்வையற்றோர்க்கான முதற்பள்ளி 1887இல் அமிர்தசரசில் தோன்றியது. மூன்றாண்டுகளில், 1890இல், ஆசுக்குவித் அம்மையார் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியைத் தொடங்கினார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் சுவெயின்சன் அம்மையார் அதே ஊரில் செவிப்புலன் இல்லாதார்க்குப் பள்ளி நிறுவினார். சென்னையை அடுத்த பூவிருந்தவல்லியில் 1931இல் அரசுப் பள்ளி அமைந்தது.

இப்பள்ளிகளின் உயிர்நாடி பிரெய்லி எழுத்து. பிரான்சு நாட்டு லூயி பிரெய்லி (1809–1852) மூன்று வயதில், தோல்வினைஞராகிய தந்தையின் பட்டறைக் கருவி கண்ணிற் பட்டுப் பார்வையை இழந்தவர். ஆறு புள்ளிகளின் சேர்க்கையால் எழுத்துக்களை அமைக்கும் முறையை வகுத்து 1829இல் அவர் வெளியிட்டார். ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள் அமைக்கலாம். இம்முறையைத் தமிழுக்கு ஏற்ப அமைத்துக்கொள்ளும் தொடக்க முயற்சியில் பாளையங்கோட்டைக்குப் பங்குண்டு. இந்திய மொழிகளுக்கு வெவ்வேறு பிரெய்லி முறைகள் வழங்கிவந்த நிலை மாறி, 1951இல் பாரதி பிரெய்லி என்னும் பொதுமுறை ஏற்கப்பட்டது. அதே ஆண்டில், அமெரிக்காவில் டேவிட் ஆபிரகாம் அமைத்த பெர்க்கின்சு பிரெய்லி தட்டச்சுப் பொறி வெளிவந்தது. அதற்கு முன்னர் மாணாக்கர் சட்டத்தில் தாளைப் பொருத்தி, ஊசிபோன்ற எழுத்தாணியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதினர். தாளின் பின்புறத்திலிருந்து குத்துவதால், வலமிருந்து இடமாக எழுதி, திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும்.

பள்ளிப் பாடத்திற்குப் பிரெய்லி நூல்கள் ஓரளவு கிடைத்தன. உயர்கல்விக்கு அவை கிடைத்தில. பிரெய்லிப் பதிப்பு அச்சுநூலினும் பன்மடங்கு பருமன் உடையது. குறைந்த படிகளே வேண்டப்படுவது. ஆதலின் செலவு மிக்கது. தொல்காப்பியத்தை உரைகளோடு பிரெய்லியில் அச்சிட்டால் அலமாரி ஒன்று நிறையும். இதனால் கல்லூரி மாணாக்கர் நண்பர் படிக்கக் கேட்டும், பின்னர் ஒலிநாடாவில் பதிந்து கேட்டும் கற்றனர். மீண்டும் கேள்வி வழிக் கல்வியே அமைந்தது. ஆயின், பண்டைக் கேள்விக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. முன்னர் அனைவரும் செவியாற் கற்றனர். இப்போது ஒருவர் மட்டுமே பிறர் ஓய்வுநேரத்தை எதிர்பார்த்துக் கற்றார். ஒரு சொல்லின் எழுத்தமைதியில் ஐயம் எழுந்தால், படிப்பவர் வரும்வரை ஐயம் ஐயமாகவே நிற்கும்.

கண் வரிசையும் செவி வரிசையும்

கணினியும் அதனோடு திரைபடிப்பானும் வந்தபின் இந்நிலை மாறத்தக்கதாயிற்று. திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படிக்கும் மென்பொருள் திரைபடிப்பான் எனப்படும். வேண்டுமாயின், புள்ளிகள் எழுந்தும் தாழ்ந்தும் மாறும் பிரெய்லிப் பலகையில் விரலாலும் படிக்கலாம். விலையின்றிக் கிடைக்கும் என்விடிஏ என்னும் திரைபடிப்பானை ஆத்திரேலிய நாட்டுப் பார்வையற்ற இளைஞர் இருவர் 2006இல் உருவாக்கத் தொடங்கினர். அது தமிழையும் படிக்கும். இதனாற் பெறும் பயன் தமிழ் மாணாக்கர்க்குத் தனிச்சிறப்புடையது. லகர ளகர ழகர வேறுபாட்டில் ஐயம் எழுமாயின் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திக் கேட்கலாம். ஓர் அளபெடையை மும்முறை வேண்டினும் திரும்பப் பார்க்கலாம். எவர் ஓய்வையும் எதிர்பார்க்க வேண்டுவதில்லை.

ஆயினும், இக்கருவி படிக்க வேண்டுமாயின் எழுத்து எழுத்தாகவே கணினியில் இருத்தல் வேண்டும். இங்கேதான் தமிழுக்கே உரிய இடர் ஒன்று எழுந்தது. அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் தோன்றும் என்பது தொல்காப்பியர் நூன்மரபிற் கூறிய விதி. 'கொ' என்னும் எழுத்தில் முன்னர் ஒலிப்பது ககரமெய். பின்னர் ஒலிப்பது ஒகரம். வரிவடிவோ வேறு வகையானது. கொம்பு முன்னும், ககரம் நடுவும், கால் இறுதியுமாக நிற்கும். முன்னதைச் செவி வரிசை என்றும், பின்னதைக் கண் வரிசை என்றும் நாம் கூறலாம். பிரெய்லி எழுத்து செவி வரிசையையே பின்பற்றுகின்றது. ககரத்தின் புள்ளிவடிவை அடுத்து ஒகரத்தின் புள்ளிவடிவு வரும். விரலால் தடவுவார்க்குக் கொம்பும் காலும் இல்லை. மெய்யும் உயிருமே உண்டு. ஆகவே, பார்வையற்ற மாணாக்கர் ஒவ்வோர் உயிர்மெய்யிலும் தொல்காப்பியர் விதியை விரலால் உணர்கின்றனர் எனலாம்.

1991இல் வெளிவந்த ஒருங்குறியும் தமிழைச் செவி வரிசையிலேயே சேமிக்கின்றது. அதற்கு முன்னும், அது பரவுதற்கு நெடுநாள் பிடித்தமையாற் பின்னும், தமிழ்நாட்டில் பெருவழக்காய் இருந்தவை தட்டச்சை ஒட்டிய எழுத்துருக்கள். அவை கண் வரிசையைப் பின்பற்றின. அதனினும் பெரிய குறை, அவற்றுட் பல ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவைப் பொருத்திக்கொண்டமையாகும். பாமினி எழுத்துருவில் 'அம்மா' எனத் தட்டிய சொல் கண்ணுக்கு அம்மாவாகவே தோன்றும். கணினியின் உள்ளே கிடப்பதோ ஆங்கில எழுத்தும் குறியும் ஆகும். திரைபடிப்பான் அதனை 'எம், கே, அரைப்புள்ளி, கே, எச்' எனப் படிக்கும். கண்ணுடையார்க்கு அம்மா, கண்ணில்லார்க்கு ஒலிக்குப்பை. இவ்வாறு தட்டப்பெற்ற ஆய்வேடுகளும் பாடக்குறிப்புகளும் பலவாகும். தமிழக அரசு 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதன் பின்னரும் பழைய எழுத்துருவில் ஏடுகளைத் தட்டும் வழக்கம் முற்றும் ஒழிந்திலது.

இரண்டாவது இடர், நூல்களைப் படமாகப் பிடித்து வைத்தல். அரிய பதிப்பு ஒன்றின் பக்கங்களைப் படமாகக் காத்தல் நற்பணியே. ஆயினும், படத்தில் எழுத்து இல்லை. எழுத்தின் நிழலே உண்டு. அதனை எழுத்துணரி மென்பொருளால் எழுத்தாக்கி, மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்திய பின்னரே அது அனைவர்க்கும் நூலாகும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களின் மூலங்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் அளித்தது. அது எல்லார்க்கும் பொதுவாகச் செய்யப்பெற்ற பணி. ஆயினும், பார்வையற்ற மாணாக்கர் தாமே புறநானூற்றைப் படிக்கும் வாயிலையும் அது திறந்தது. மூலத்திற்குக் கிடைத்த இவ்வாய்ப்பு உரைகளுக்கும் ஆராய்ச்சி நூல்களுக்கும் அந்த அளவிற் கிடைத்திலது. முதுகலை மாணாக்கர்க்கு உரையின்றிப் பயன் யாது?

சட்டமும் தேர்வும்

சட்டத்தின் வளர்ச்சியைச் சுருங்கக் காண்போம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்று, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்வி நிறுவனங்களில் 3 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற உடன்படிக்கையில் இந்தியா 2007இல் இணைந்தது. அதன் விளைவாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் குறைபாடுகளை 21 ஆக விரித்து, உயர்கல்வியில் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. ஒவ்வொருவர் தேவைக்கும் ஏற்ற தக்க ஏற்பாடுகளைச் செய்து தருதலையும் கடமையாக்கியது. சொல் வழக்கும் இதனோடு மாறியது. குருடர், அந்தகர் என்பன மறைந்து ஊனமுற்றோர் என்றும், 2010இல் துறையின் பெயரே மாறியமையால் மாற்றுத்திறனாளிகள் என்றும் வழங்கலாயிற்று. ஆயினும் சொல் மாறிய விரைவில் நூல்கள் மாறவில்லை.

தேர்வு பற்றி 2018இல் நடுவண் அரசு வகுத்த நெறிமுறைகள் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாத கூடுதல் நேரம் தந்தன. மூன்று மணித் தேர்வுக்கு இது ஒரு மணி நேரமாகும். பிரெய்லி, கணினி, பேரெழுத்து, ஒலிப்பதிவு ஆகியவற்றுள் விரும்பிய வழியைத் தேர்ந்துகொள்ளவும் அவை இடந்தந்தன. கையால் எழுத இயலாத நோயுடையார்க்கு, குறைபாட்டின் அளவு சட்டம் குறித்த எல்லையை எட்டாவிடினும், பதிலி எழுத்தர் உரிமை உண்டு என உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 11இல் தீர்ப்பளித்தது.

நடைமுறையிலோ, பதிலி எழுத்தரை அமர்த்துதலே பெருவழக்கு. தமிழ்த் தேர்வில் இதன் இடரைத் தமிழாசிரியரே நன்கு உணர்வர். மாணாக்கர் 'வெண்டளை' எனச் சொல்ல, எழுத்தர் 'வெண்டலை' என எழுதுவார். 'அறத்துப்பால்' என்பது 'அரத்துப்பால்' ஆகும். வல்லொற்று மிகும் இடமும் மிகா இடமும் சொல்லுபவர் அறிவைச் சாராமல் எழுதுபவர் அறிவைச் சார்ந்து நிற்கும். வெண்பாவை அலகிட்டு வாய்பாடு காட்டுமாறு கேட்கும் வினாவில், நேரும் நிரையும் கட்டங்களில் இடம் மாறும். மாணாக்கர் தாமே அழைத்துவரும் எழுத்தரின் கல்வி தேர்வு எழுதுவார் கல்வியினும் ஒரு படி தாழ்ந்திருத்தல் வேண்டும் என்பதும் 2018ஆம் ஆண்டு நெறிமுறைகளில் இருந்தது. முறைகேட்டைத் தடுக்க அவ்விதி வேண்டுவதாயினும், இலக்கணத் தேர்வில் அதன் சுமையை மாணாக்கரே தாங்கினர். பிழை எழுத்தருடையது, மதிப்பெண் குறைவது மாணாக்கர்க்கு. தாமே கணினியில் எழுதித் தாமே திருத்தும் வாய்ப்பு இதற்குத் தக்க மருந்தாகும்.

பதிப்புரிமை பற்றிய தடையும் நீங்கியுள்ளது. 2012இல் திருத்தப்பெற்ற பதிப்புரிமைச் சட்டம், அச்சு நூலைப் படிக்க இயலாதார்க்காக அதனை வேறு வடிவில் ஆக்கித் தருதலை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. 2013இல் மராக்கெசு நகரில் இதே நோக்குடைய உலக உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. 2014இல் அதனை முதற்கண் உறுதிசெய்த நாடு இந்தியாவே. ஆகவே, பல்கலைக்கழக நூலகம் ஓர் உரைநூலைத் தன் பார்வையற்ற மாணாக்கர்க்கென எழுத்தாக்கித் தருதற்குச் சட்டம் தடையாக நில்லாது.

ஆய்க்குடி உணர்த்துவது

முன்னர்க் குறித்த ஆய்க்குடிக்கு இனி வருவோம். பொறியியல் மாணவராய் இருந்த எஸ். இராமகிருஷ்ணன், 1975 சனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வின்போது நேர்ந்த விபத்தில் கழுத்தெலும்பில் அடிபட்டுக் கைகால்கள் செயலிழந்தார். தம் ஊராகிய ஆய்க்குடியில், உலக ஊனமுற்றோர் ஆண்டாக அறிவிக்கப்பெற்ற 1981இல், அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்கு மருத்துவம் செய்த மருத்துவர் அமர்சித் சிங் சாகலின் நினைவாக அதற்கு அப்பெயர் இட்டார். தசைச் சிதைவு நோயுடைய பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் 1992இல் அவரோடு இணைந்தார். பள்ளி, மருத்துவம், தொழிற்பயிற்சி, ஊர்தோறும் சென்று குழந்தைகளின் குறையை இளமையிலேயே கண்டறிதல் என அதன் பணி விரிந்தது. 2020இல் இராமகிருஷ்ணனுக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பெற்றது.

ஈண்டு நாம் கருத வேண்டுவது ஒன்று. இதனை நடத்தியவர் உடற்குறையுடையாரே. பிறர் கருணைக்குக் காத்திராது, தமக்கு வேண்டியது இன்னது எனத் தாமே கூறி, அதற்கேற்ப இடத்தையும் கருவியையும் அமைத்துக்கொண்டனர். ஆய் அண்டிரன் காலத்தில் முடமோசியார் வள்ளலிடம் பரிசில் பெற்றார். இன்றைய ஆய்க்குடியில் உடற்குறையுடையார் தாமே பிறர்க்கு அளிப்பவர் ஆயினர். பரிசிலாக இருந்தது உரிமையாகிய வரலாற்றை இவ்வோர் ஊர்ப் பெயரிலேயே கண்டுகொள்ளலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு. செவிவழிக் கல்வி பெருவழக்காய் இருந்தபோது பார்வையற்றார் புலவராயினர். கல்வி அச்சின் வழிப்பட்டபோது புறத்தே நின்றனர். பிரெய்லியும் கணினியும் வந்தபோது மீண்டும் உள்ளே வரத்தக்க நிலை பெற்றனர். இம்மூன்று காலத்தும் அவர்தம் கண் ஒரே தன்மையது. மாறியது நூலின் வடிவே. எனவே, அவர்க்குத் தமிழ் எட்டுவதும் எட்டாமையும் நூலை ஆக்குவார் கையில் உள்ளது.

நூலை எளிதாக்கித் தருதல் தமிழ்ப் பதிப்பாசிரியர்க்குப் புதிய தொழிலன்று. ஏட்டில் புள்ளியின்றியும், குறில் நெடிற் கொம்பு வேறுபாடின்றியும் கிடந்த பாடத்திற்குப் புள்ளியிட்டனர், புணர்ச்சியைப் பிரித்தனர், பாடவேறுபாடு காட்டினர், அரும்பத அகராதியும் சேர்த்தனர். இவையெல்லாம் கற்பார் இடர்ப்படாமல் நூலுட் புகுதற்குச் செய்த ஏற்பாடுகளே. அவற்றைப் பதிப்பின் கூறு என மதிக்கும் நாம், செவியாலும் விரலாலும் படிப்பார்க்குச் செய்யும் ஏற்பாட்டை மட்டும் உதவி என்றும் அருள் என்றும் கூறுதல் எங்ஙனம் பொருந்தும்?

ஆதலின், தமிழ்த்துறைகள் செய்யத்தக்கன சில உள. ஆய்வேடுகள் ஒருங்குறியிலேயே அளிக்கப்பெறல் வேண்டும். பழைய எழுத்துருவில் உள்ளவற்றை மாற்றும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஒப்புநோக்கித் திருத்துதலை முதுகலை மாணாக்கர்க்குப் பதிப்பியற் பயிற்சியாகவே அமைக்கலாம். பாடத்திட்டத்தில் உள்ள உரைகளை முதற்கண் எழுத்தாக்குதல் வேண்டும். யாப்பிலக்கணக் கட்டங்களையும் கல்வெட்டுப் படங்களையும் சொல்லால் விளக்கும் குறிப்புகள் உடன் அமைதல் வேண்டும். கணினியில் தேர்வெழுதும் வாய்ப்பை மாணாக்கர் கேட்குமுன் அறிவித்தல் வேண்டும். பதிலி எழுத்தர் இன்றியமையாராயின், எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைத்தல் தவிர்க்கப்படல் வேண்டும். இவற்றுள் எதுவும் பெருஞ்செலவை வேண்டுவதன்று. மரபறிந்தோர் உழைப்பையே வேண்டுவது.

அந்தகக்கவி வீரராகவரின் முதுகில் எழுதிய ஆசிரியர் யார் என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்க்குச் சட்டமும் இல்லை, கருவியும் இல்லை. விரல் ஒன்றே இருந்தது. இரண்டும் பெற்றிருக்கும் நாம், புளியறையிலிருந்து வரும் மாணவி தொல்காப்பியம் கேட்கும்போது, அவர் படிக்கத்தக்க தொல்காப்பியத்தை அவர் கையில் தருதலே முறையாகும்.